கெர்ஹார்ட் ரிக்டர் ஏன் ஒரே பாணியில் நிற்கவில்லை?

நீலக்கறை:

நண்பர்களுக்கு வணக்கம். பதினோரு வருடங்களாக வரைந்துகொண்டிருக்கிறேன். போன மாதம் என் படங்களை ஒரு கேலரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதை நடத்துபவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதில் மூன்று பேருடைய வேலை இருக்கிறது. அந்த மூவரில் நீங்கள் யார் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

அன்றிலிருந்து ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் ஓவியங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புகைப்படத்தைப் பார்த்து வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், பெயின்ட் கடை வண்ண அட்டை போன்ற கட்டங்கள், வெறும் சாம்பல் நிறம் பூசிய கித்தான்கள், மெழுகுவர்த்திகள், மேகங்கள், அப்புறம் பெரிய பலகையால் வண்ணத்தை இழுத்து இழுத்துச் செய்த அரூப ஓவியங்கள். எல்லாம் ஒரே ஆளின் கை. எனக்குச் சொன்னதை அவரிடம் யாரும் சொல்லவில்லையா? அவருடைய பாதையை நன்றாக அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். எனக்கு ஆறுதல் வேண்டாம். அவர் இதை எப்படிச் செய்தார் என்று தெரிந்தால் போதும்.

கரித்துண்டு:

ரிக்டருக்கு ஆரம்பத்தில் ஒரு பாணி இருக்கத்தான் செய்தது. அரசாங்கமே கொடுத்த பாணி. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

1932இல் டிரெஸ்டனில் பிறந்தவர். போருக்குப் பிறகு அது கிழக்கு ஜெர்மனி ஆகிவிட்டது. 1951இல் டிரெஸ்டன் கலைக்கல்லூரியில் சேர்ந்து சுவரோவியம் படித்தார். பட்டத்துக்காக 1956இல் அங்கிருந்த சுகாதார அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய சுவரோவியம் வரைந்தார். மகிழ்ச்சியான மனிதர்கள், கடற்கரை, குழந்தைகள். கிழக்கு ஜெர்மன் அரசு விரும்பிய பாணியான சோஷலிச யதார்த்தவாதம் எதிர்பார்த்தது அதைத்தான். அவருக்கு அது நன்றாகவே வந்தது, தொடர்ந்து வேலையும் கிடைத்தது. அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார்.

1959இல் மேற்கு ஜெர்மனியின் காசெல் நகரத்தில் நடந்த டாக்குமென்டா கண்காட்சிக்குப் போனார். அங்கே ஜாக்சன் பொல்லாக், லூசியோ ஃபொன்டானா என்ற அரூப ஓவியர்களின் படைப்புகளைப் பார்த்தார். கிட்டத்தட்ட அந்த ஓவியங்கள்தான் தன்னைக் கிழக்கிலிருந்து கிளப்பின என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1961இல், பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, மனைவி எமாவோடு மேற்கே வந்துவிட்டார். கையில் எதுவும் இல்லை. வரைந்ததெல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தச் சுவரோவியத்தின் மேல் 1979இல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள்.

29 வயதில் டியூசல்டார்ஃப் கலைக்கல்லூரியில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். ஒரு முறை முழுமையாகத் தேர்ச்சி பெற்ற மனிதர், முதல் வரிசையில் உட்கார்ந்து அகரத்திலிருந்து தொடங்குவதை யோசித்துப் பாருங்கள். "இதுதான் சரியான பாணி" என்று ஒரு அரசு சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவருக்கு, இன்னொரு இடத்தில் இன்னொருவர் வந்து அதையே சொன்னால் எப்படி இருந்திருக்கும்? அந்த எச்சரிக்கை வாழ்நாள் முழுக்க அவரோடு இருந்தது என்று நான் நம்புகிறேன்.

எதிர்வெயில்:

கரித்துண்டு சொன்ன வரலாறு சரி. ஆனால் முடிவு கொஞ்சம் அவசரம். ரிக்டர் பெயர் பெற்றவர், எதைச் செய்தாலும் வாங்க ஆள் இருந்தது, அதனால் மாறிக்கொண்டே இருக்க முடிந்தது என்றும் சொல்லலாம் அல்லவா? 2015இல் லண்டன் ஏலத்தில் அவருடைய ஒரு அரூப ஓவியம் 3 கோடி பவுண்டுக்கு மேல் போனது. அந்த நிலையில் இருப்பவர் என்ன வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். நீலக்கறை போன்றவர்களுக்கு அந்த வழியைக் காட்டுவது நியாயமா என்று தயங்குகிறேன்.

கரித்துண்டு:

நியாயமான தயக்கம்தான். ஆனால் வரிசையைப் பாருங்கள் எதிர்வெயில். மாற்றங்கள் முதலில் வந்தன, பணம் ரொம்பப் பின்னால் வந்தது.

அவருடைய படைப்புப் பட்டியலில் எண் 1 கொண்ட படம் 1962இல் வரைந்த ஒரு மேசை. ஒரு இதழில் வந்த புகைப்படத்தைப் பார்த்து மேசையைத் திருத்தமாக வரைந்துவிட்டு, நடுவில் வண்ணத்தைக் கலைத்துச் சுழற்றி விட்டிருக்கிறார். முதல் படத்திலேயே உருவமும் அரூபமும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன. 1966இலேயே வண்ண அட்டைகள் வந்துவிட்டன. புகைப்பட ஓவியங்கள் அப்போதுதான் கவனம் பெற ஆரம்பித்திருந்தன. அந்த நேரத்தில் கடைக்காரர் தரும் வண்ண மாதிரி அட்டையைப் பெரிதாக்கி வரைந்தார். அதே வருடம்தான் எமா மாடிப்படியில் இறங்கி வரும் அந்த மென்மையான ஓவியமும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் ஒரே கை என்று சொல்லமாட்டார்கள்.

மெழுகுவர்த்தி ஓவியங்களை 1980களின் தொடக்கத்தில் முதலில் காட்டியபோது வாங்க ஆள் இல்லை. அந்த வரிசையில் 1982இல் வரைந்த ஒன்று 2011இல் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் விற்றது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருடம். 1971 முதல் 1994 வரை டியூசல்டார்ஃப் கல்லூரியில் பேராசிரியராகச் சம்பளம் வாங்கினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலை அவருக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுத்தது என்று பலரும் பேசுவதில்லை.

ஈரக்கித்தான்:

நான் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து வருகிறேன். மங்கலாக்கும் முறையை ஒரு வருடம் விடாமல் பழகிப் பார்த்தேன், அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

புகைப்படத்தைப் புரொஜெக்டர் வழியாகக் கித்தானில் வீழ்த்தி, கோடுகளைப் பதித்துக்கொண்டு, முதலில் அதைத் தெளிவாகவே வரைவார். எல்லாம் முடிந்த பிறகு, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே, காய்ந்த அகலமான தூரிகையால் மேலே மெல்ல இழுப்பார். பார்க்க எளிது. செய்யும்போதுதான் தெரியும். சீக்கிரம் இழுத்தால் எல்லாம் கஞ்சியாகிவிடும். தாமதித்தால் வண்ணம் இழுபட்டுத் திட்டுத்திட்டாக நிற்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தூரிகையைத் துடைக்கவில்லை என்றால் கறுப்பு வெள்ளைக்குள் போய் முகமெல்லாம் அழுக்காகிவிடும். நான் பல படங்களை அப்படி இழந்தேன்.

எனக்குப் புரிந்தது என்னவென்றால், இழுப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு அங்கே ஒரு முழுமையான, நன்றாக வந்த ஓவியம் இருக்கிறது. எட்டு மணி நேரம் உழைத்துக் கண்ணையும் உதட்டையும் கொண்டுவந்திருக்கிறோம். அதன் மேல் நாமே கை வைக்க வேண்டும். அந்த நொடி ஒவ்வொரு முறையும் பயமாகவே இருந்தது, பழகவே இல்லை.

இப்போது அவருடைய பிற்கால அரூப ஓவியங்களைப் பாருங்கள். 1980களிலிருந்து ஸ்க்வீஜி என்கிற நீளமான பிளாஸ்டிக் பலகையில் வண்ணத்தை ஏற்றி, ஏற்கெனவே வரைந்ததன் மேல் இழுத்துக்கொண்டே போகிறார். மேலே புதிய அடுக்கு படிகிறது, சில இடங்களில் அடியில் இருப்பது கிழிந்துகொண்டு வெளியே வருகிறது. கொரின்னா பெல்ட்ஸ் 2011இல் எடுத்த ஆவணப்படத்தில் இதை அருகிலிருந்து பார்க்கலாம். நமக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும் படத்தின் மேல் மறுபடி பலகையை வைப்பார். பார்க்கும்போது "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று கத்தத் தோன்றியது எனக்கு.

1965இல் தூரிகையால் செய்ததையே 1990இல் பலகையால் செய்கிறார். நீலக்கறை, ஆட்கள் பத்துப் பாணி என்று எண்ணுவதில் பாதி எனக்கு ஒரே கை அசைவாகத் தெரிகிறது.

மேற்குச்சாளரம்:

ஈரக்கித்தானின் பதிவை இரண்டு முறை படித்தேன். மங்கலாக்குவது பற்றிப் பேசும்போது மரியான் சித்தியைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது.

1965இல் வரைந்த ஓவியம். ஒரு இளம்பெண் ஒரு குழந்தையோடு இருக்கிறாள். குழந்தை ரிக்டர்தான், அந்தப் பெண் அவருடைய தாயின் தங்கை. குடும்ப ஆல்பத்தில் இருந்த சாதாரணப் புகைப்படம். அந்தப் பெண்ணுக்கு மனநோய் என்று சொல்லி நாஜி அரசு கட்டாயக் கருத்தடை செய்தது. பிறகு மனநோய் இல்லத்தில் அடைத்து, 1945இல், போர் முடியப்போகிற நேரத்தில், பட்டினி போட்டுக் கொன்றார்கள்.

அதே வருடம் ருடி மாமாவையும் வரைந்தார். ராணுவ உடுப்பில் சிரித்துக்கொண்டு நிற்கும் தாய்மாமன். போரில் இறந்தவர். ஒரே குடும்பம், ஒரே ஆல்பம். ஒருவர் அந்த அரசுக்காகச் செத்தார், இன்னொருவரை அந்த அரசே கொன்றது. இரண்டு படங்களும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கின்றன. ரிக்டர் எதையும் எழுதி விளக்கவில்லை. ருடி மாமாவின் படத்தைப் பிறகு லிடிட்சே நினைவுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட்டார். ஜெர்மன் படைகள் அழித்த செக் கிராமம் அது.

இதைவிட என்னை உலுக்கியது பின்னால் தெரியவந்த செய்தி. எமாவின் தந்தை ஒரு மகப்பேறு மருத்துவர், நாஜிகளின் துணைப்படையான எஸ்.எஸ். அமைப்பில் இருந்தவர். டிரெஸ்டனில் கட்டாயக் கருத்தடை அறுவைகள் செய்த மருத்துவர்களில் அவரும் ஒருவர். ஒரு பத்திரிகையாளர் ஆவணங்களைத் தோண்டி இதை வெளியே கொண்டுவந்தபோது ரிக்டர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார். அந்த மாமனாரையும் குடும்பத்தோடு கடற்கரையில் சிரித்தபடி நிற்பதாக 1964இல் வரைந்திருக்கிறார்.

கொல்லப்பட்ட சித்தியும், அதே இயந்திரத்தில் வேலை செய்த மாமனாரும் ஒரே கையால், ஒரே சாம்பல் நிறத்தில் வரையப்பட்டு நாற்பது வருடம் உலகத்தின் கண்முன் இருந்தார்கள். புகைப்படம் எவ்வளவு காட்டுகிறது, எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. நான் இந்தப் படங்களை அழகியல் விளையாட்டாகப் பார்த்த காலம் உண்டு. இப்போது அப்படிப் பார்க்க முடிவதில்லை.

எதிர்வெயில்:

மேற்குச்சாளரம், இது எனக்குத் தெரியாமல் இருந்தது. நன்றி.

ஆனாலும் எனக்கு உறுத்துகிற ஒன்று இருக்கிறது, அதையும் வைத்துவிடுகிறேன். 1988இல் வரைந்த 'அக்டோபர் 18, 1977' வரிசை. மேற்கு ஜெர்மனியில் ஆயுதம் ஏந்திய இடதுசாரி இயக்கமான செம்படைப் பிரிவைச் சேர்ந்த மூவர் ஸ்டாம்ஹைம் சிறையில் இறந்து கிடந்த நாள் அது. 15 ஓவியங்கள். இறந்த பெண்ணின் கழுத்து, தூக்கில் தொங்கும் உடல், சிறை அறை, ரெக்கார்டு பிளேயர், சவ ஊர்வலம். அந்த இயக்கத்தால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இருக்கும்போது, கொன்றவர்களுக்கு மட்டும் இத்தனை மென்மையான சாம்பல் நிறம் ஏன்? அதையும் 1995இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வாங்கியது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மங்கலாக்கினால், யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதும் சேர்ந்தே மங்கிவிடாதா?

மேற்குச்சாளரம்:

ஜெர்மனியிலும் இதைக் கேட்டார்கள், அமெரிக்காவிலும் கேட்டார்கள். கேட்டது சரி என்றே நினைக்கிறேன். என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் சொல்வேன். அந்தப் புகைப்படங்கள் எல்லாம் பத்திரிகையிலும் போலீஸ் கோப்பிலும் ஏற்கெனவே இருந்தவை. ஜனங்கள் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவை. நடந்து பதினொரு வருடம் கழித்து அவர் அதை எடுத்தார். இறந்த பெண்ணின் அதே படத்தை மூன்று முறை வரைந்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் அவள் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறாள். நியாயப்படுத்துகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்ட ஒரு மரணத்தின் முன்னால் நம்மை நிற்க வைக்கிறார். பலியானவர்களை வரையவில்லையே என்கிற உங்கள் குறை அப்படியே நிற்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஈரக்கித்தான்:

மங்கலாக்குவதன் எல்லை எங்கே என்று அவரே கேட்டுக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது. 2014இல் வரைந்த பிர்கெனாவ் ஓவியங்கள்.

1944 ஆகஸ்டில் நாஜிகளின் பிர்கெனாவ் வதைமுகாமில் கைதிகளே உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்கள் உண்டு. ரிக்டர் அந்த நான்கையும் நான்கு பெரிய கித்தான்களில் வரைய ஆரம்பித்தார். தொடர்ந்தபோது அது நடக்கவில்லை. 1960களில் கைகொடுத்த அதே முறை இங்கே கைகொடுக்கவில்லை. அப்புறம் அவற்றின் மேல் கறுப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை என்று அடுக்கடுக்காக இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் புகைப்படத்தின் ஒரு துளிகூட வெளியே தெரியவில்லை. அடியில் அது இருக்கிறது என்பது தலைப்பால் மட்டுமே தெரியும்.

82 வயதில், இத்தனை அனுபவத்துக்குப் பிறகு, "என்னால் இதை வரைய முடியவில்லை" என்பதையே ஓவியமாக வைத்தார். எதிர்வெயிலின் கேள்விக்கு இது ஒரு பாதிப் பதிலாவது ஆகும் என்று தோன்றுகிறது. அந்த நான்கையும் அவர் விற்கவில்லை.

கரித்துண்டு:

விற்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சின்னத் தகவல். இசைக்கலைஞர் எரிக் கிளாப்டன் 2001இல் ரிக்டரின் மூன்று அரூப ஓவியங்களைச் சேர்த்து 34 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதில் ஒன்று மட்டும் 2012இல் 2 கோடியே 13 லட்சம் பவுண்டுக்குப் போனது. அந்த ஏற்றம் வாங்கி விற்றவர்களுடையது. இந்த விலைகள் அபத்தமானவை என்று ரிக்டரே சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் விலையைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வம் இல்லை.

கொலோன் தேவாலயத்துச் சாளரத்தைப் பற்றிப் பேச ஆர்வம் இருக்கிறது. போரில் உடைந்த பெரிய சாளரம். அங்கே புனிதர்களின் உருவங்கள் வரவேண்டும் என்றுதான் முதலில் எண்ணம் இருந்தது. ரிக்டர் தன் 1974ஆம் வருட வண்ணக்கட்ட ஓவியத்தை எடுத்துக்கொண்டார். 72 நிறங்கள், 11,000க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்கள். எந்த நிறம் எங்கே வரும் என்பதைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கலுக்கு விட்டார். 2007இல் திறந்தார்கள். அப்போதைய கொலோன் பேராயர் கர்தினால் மைஸ்னர் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார். ரிக்டர் இதற்குச் சம்பளம் வாங்கவில்லை.

நீலக்கறை கவனிக்க வேண்டியது இது: பெயின்ட் கடை அட்டையில் 1966இல் தொடங்கியது 1970களில் கட்ட ஓவியங்களாகி, நாற்பது வருடம் கழித்து ஒரு தேவாலயத்தின் தரையில் வண்ண ஒளியாக விழுகிறது. அவர் எதையும் கைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த அடுப்புக்குப் போனார், பழையதும் கொதித்துக்கொண்டே இருந்தது.

எதிர்வெயில்:

இதை ஏற்கிறேன். ஆனால் இதிலிருந்தே என் வாதத்தையும் எடுக்கிறேன், நீலக்கறை கோபித்துக்கொள்ளக் கூடாது.

ரிக்டர் ஒரு வழியில் இறங்கினால் அதில் வருடக்கணக்கில் இருந்தார். சாம்பல் ஓவியங்கள் மட்டும் எத்தனை! புகைப்படங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் 1960களிலிருந்து சேர்த்து 'அட்லஸ்' என்ற பெயரில் சுமார் 800 பலகைகளில் ஒட்டி வைத்திருக்கிறார். எண் 1 முதல் ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண் கொடுத்தார். கலைந்த மனத்தின் வேலையாக இது தெரியவில்லை. கேலரிக்காரர் மூன்று பேர் என்று சொன்னதில் தவறில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று பேரும் தலைக்கு எத்தனை படம் வரைந்திருக்கிறார்கள்?

நீலக்கறை:

கோபம் இல்லை. இந்தக் கேள்வியைத்தான் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

நேற்று எல்லாப் படங்களையும் வருட வரிசையில் சுவரோரம் சாய்த்து வைத்தேன். ரிக்டர் மாதிரி எண் போட்டேன், 1 முதல் 143 வரை. ஜன்னல்களும் வாசல்களும் 96. உருவப்படங்கள் 38. அரூபமாக முயன்றவை 9. அந்த ஒன்பதும் இரண்டு வருடத்துக்குள் செய்தவை, ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சம்பந்தம் இல்லாமல் நிற்கின்றன. அதைப் பார்த்ததும் முகம் சூடானது. கேலரிக்காரர் சொன்ன மூன்று பேரில் ஒருவர் இன்னும் வரைய ஆரம்பிக்கவே இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். உருவப்படங்களில் பாதிக்கு மேல் ஆட்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். நான் அப்படி நிறுத்தியதாக ஞாபகமே இல்லை. ரிக்டர் 1988இல் தன் மகள் பெட்டியை வரைந்தாரே, முகத்தைக் காட்டாமல் பின்னால் இருக்கும் சாம்பல் ஓவியத்தைத் திரும்பிப் பார்க்கிறாளே, அந்தப் படம் உடனே நினைவுக்கு வந்தது. மகள் உருவப்படத்திலிருந்து அவருடைய இன்னொரு வேலையைப் பார்க்கிறாள்.

ஈரக்கித்தான், ஒரு சந்தேகம். எண் 97 எண்ணெய் வண்ணத்தில் ஒரு வாசல், காய்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அதன் மேல் புதிதாக ஒரு அடுக்கு பூசி, அது ஈரமாக இருக்கும்போது பலகையால் இழுத்தால் பிடிக்குமா? பிறகு உரிந்துவிடுமா?

ஈரக்கித்தான்:

காய்ந்த மேற்பரப்பு பளபளப்பாக இருந்தால் பிடிக்காது. நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், பளபளப்பு போனால் போதும், வண்ணம் கிளம்பக் கூடாது. தேய்க்கும்போது வாய்க்கு முகமூடி கட்டிக்கொள்ளுங்கள், பழைய வெள்ளையில் ஈயம் இருக்கலாம். தூசியைத் துடைத்துவிட்டு, மேல் அடுக்கில் கீழ் அடுக்கைவிட எண்ணெய் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். வார்னிஷ் அடித்திருந்தால் அந்தப் படத்தைத் தொடவே வேண்டாம், வேறொன்றை எடுங்கள்.

97இல் உங்களுக்குப் பிடித்த பகுதி எது என்று இழுப்பதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். அந்தப் பகுதி பெரும்பாலும் மீளாது.

நீலக்கறை:

வார்னிஷ் இல்லை. பிடித்தது வலது ஓரத்தில் இருக்கும் கதவின் நிழல். புகைப்படம் எடுத்துவிட்டேன். ஞாயிறு காலை வெளிச்சத்தில் தொடங்குகிறேன். எண் 144 என்று போடுவதா, 97 என்றே விடுவதா என்பதை இழுத்த பிறகு முடிவு செய்கிறேன்.